குழந்தை என்.ஐ.சி.யு.வில் (பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கும்போது தாய்ப்பாலை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

குழந்தை இன்குபேட்டரில் இருக்கிறது, இப்போதைக்கு வாயால் குடிக்காது என்று சொன்னதும் பால் எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். முடிந்தால் பிரசவமான முதல் மணி நேரத்திலேயே, இல்லையென்றால் 6 மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிடுங்கள். தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போகும், நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களில் பெரும்பங்கு கடைசி மூன்று மாதங்களில்தான் போகிறது, குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அது முழுதாகக் கிடைத்திருக்காது. பிரசவமானதும் முதலில் சுரக்கும் சீம்பாலில் ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருள், லாக்டோஃபெரின் என்ற கிருமி எதிர்ப்புப் புரதம், உயிருள்ள வெள்ளணுக்கள் எல்லாம் இருக்கின்றன. கிருமிகள் குடலின் உள்சுவரில் ஒட்டாமல் தடுப்பது இந்த ஐ.ஜி.ஏ.தான்.

முதல் இரண்டு நாளும் கையால் பீச்சுவதே நல்லது. சீம்பால் கெட்டியாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும், பம்ப்பில் பாதி ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும். மார்பை மெதுவாகத் தடவிவிட்டு, காம்பிலிருந்து 2, 3 சென்டிமீட்டர் தள்ளிக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோல்மேல் விரலை இழுக்க வேண்டாம். வரும் சொட்டுகளைச் சிறிய சிரிஞ்சில் சேர்க்கலாம். அப்புறம் பம்ப்புக்கு மாறிக்கொள்ளலாம், ஆனால் ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை எடுக்க வேண்டும், இரவிலும் ஒரு தடவையாவது. அளவைப் பார்த்து மனம் உடையாதீர்கள், ஆரம்பத்தில் எல்லோருக்கும் கொஞ்சம்தான் வரும்.

இன்னும் பால் கொடுக்க ஆரம்பிக்கவில்லையா? இரு கன்னத்தின் உட்புறமும் 0.1 மி.லி. சீம்பால் தடவ முடியுமா என்று நர்ஸிடம் கேளுங்கள். அடுத்தது குழாய்: மூக்கு அல்லது வாய் வழியாக வயிற்றுக்கு. உறிஞ்சி, விழுங்கி, நடுவே மூச்சும் விட, குழந்தைக்குக் கர்ப்பக் கணக்கில் பொதுவாக 32, 34 வாரமாவது ஆக வேண்டும். குழாயில் பால் போகும் நேரத்தில் டாக்டர் சம்மதித்தால் பீச்சி முடித்த மார்பில் வாயை வைத்துப் பழக்குங்கள்.

உங்கள் பால் போதவில்லை என்றால் அடுத்து கேட்க வேண்டியது பால் வங்கியின் தானப் பால். கிருமி போக 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவதால் அதன் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் குறையும், ஆனாலும் ஃபார்முலாவோடு ஒப்பிட்டால் குடல் அழுகல் நோய் வரும் வாய்ப்பு இதில் குறைவு. இரண்டும் கிடைக்காதபோது ஃபார்முலாதான் வழி, அதற்காகக் குற்றவுணர்வு வேண்டாம். ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவான குழந்தைக்குப் பாலில் புரதமும் கால்சியமும் கலந்து கொடுப்பார்கள், உங்கள் பால் தரம் குறைந்தது என்று அதற்கு அர்த்தமில்லை.

புதிதாக எடுத்த பாலை முதலில் கொடுக்கச் சொல்லுங்கள், உறையவைத்தால் உயிரணுக்கள் செத்துவிடும். மைக்ரோவேவில் சூடாக்கவே கூடாது. பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள்.

குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாகப் போட்டுக்கொள்ளுங்கள்; உலக சுகாதார நிறுவனம் 2022-இல் குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்கு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் என்று பரிந்துரைத்திருக்கிறது. பால் சுரப்பு கூடும், அந்த வார்டின் கிருமிகளுக்கு எதிரான எதிர்ப்பொருளும் உங்கள் பாலில் சேரும்.

நீங்கள் ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் பாலைக் கொட்டுவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலான மருந்துகளுக்கு நிறுத்த வேண்டிய அவசியமில்லை.