உங்கள் நம்பிக்கைக்குப் பொருந்தும் பெயரைக் கண்டறிதல்

பெயரைத் தேடுமுன் வழக்கத்தைக் கவனியுங்கள். இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிப் பகுதியில் காட்டுக்குள் இறங்குமுன் பச்சைக் குழையை முறித்துப் பாதையோர மரக்கிளையில் தொங்கவிடும்போது, அது பிள்ளையாருக்கோ ஐயனாருக்கோ இடும் காணிக்கை என்று கருதினால் நீங்கள் இறைநம்பிக்கையாளர். அந்த மரத்துக்கும் காட்டுக்குமே உயிரும் விருப்பமும் உண்டென்று உணர்ந்தால், 1871 இல் ஆங்கில மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் விளக்கிய ஆன்மவாதத்துக்கு நெருங்கியவர். இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம். கடவுள் இல்லையென்று தெளிந்தவர் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குக் குடும்பத்தோடு போனாலும் நாத்திகரே. பேகன் (pagan) என்பது முன்னர் கிறித்தவர் பிறரைச் சுட்டிய சொல். இன்று ஐரோப்பியப் பழஞ்சமயங்களை மீட்டெடுப்போர் அதை விரும்பி ஏற்றுள்ளனர். எனினும் வன்னியின் புதூரில் நாகத் தெய்வமான நாகதம்பிரானை வழிபடுவதற்கு அதைச் சூட்டுவது தவறென்றே உறுதியாக எண்ணுகிறேன். தேர்ந்த பெயரை ஒரு பயிர்ப்போகம் முழுவதும் மனத்தில் வைத்துப் பார்த்து, பொருந்தாவிட்டால் தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.