காவல்துறையின் குற்றக் கணக்கைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிப்ரவரி வாக்கில் ஒரு முறை, ஆகஸ்ட் வாக்கில் ஒரு முறை என்று ஆண்டுக்கு இருமுறை சிங்கப்பூர்க் காவல்துறை குற்ற நிலவரத்தை வெளியிடுகிறது. அன்று இரவுக்குள் அதிலிருந்து பிய்த்தெடுத்த ஓர் எண் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடும். கூடவே "சிங்கப்பூர் முன்ன மாதிரி இல்ல" என்று ஒரு வரி. எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதை வைத்துப் போடும் முடிச்சுதான் தவறு. அப்படிப் போட்ட முடிச்சுகளால் சில வட்டாரங்களுக்கும் சில மனிதர்களுக்கும் தகாத பெயர் வந்து சேர்கிறது. அதனால்தான் இதைச் சற்று விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

மொத்த எண்ணை மட்டும் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 2019இல் 35,115 ஆக இருந்த குற்றங்கள் 2020இல் 37,409 ஆகக் கூடின. 6.5 விழுக்காடு ஏற்றம். இதை மட்டும் படித்தவருக்குத் தெருவில் ஆபத்து கூடிவிட்டது என்றே தோன்றும். ஆனால் அந்த 37,409இல் 15,756 மோசடிகள். அவற்றை விலக்கினால் மீதி 21,653. அது முந்தைய ஆண்டைவிட 15.3 விழுக்காடு குறைவு. கொவிட் ஆண்டு அது. வெளியே நடமாட்டம் குறைந்தது, திருட்டும் குறைந்தது; எல்லாரும் கைப்பேசியும் கையுமாக வீட்டில் இருந்தார்கள், மோசடிக்காரர்களும் அங்கேயே தேடி வந்தார்கள். இரண்டு எதிரெதிர்ப் போக்குகளை ஒரே கூட்டுத்தொகை மறைத்துவிட்டது. 2021இல் மொத்தம் 46,196 என்றானபோது அதில் பாதிக்குமேல், அதாவது 23,931, மோசடிகள்.

இப்போது காவல்துறை இரண்டையும் பிரித்தே வெளியிடுகிறது: திருட்டு, மானபங்கம் போன்ற நேரடிக் குற்றங்கள் ஓர் அறிக்கையிலும், மோசடியும் இணையக் குற்றங்களும் இன்னோர் அறிக்கையிலும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. 2021இன் 46,196ஐயும் 2023இன் நேரடிக் குற்ற எண்ணான 19,966ஐயும் பக்கத்தில் வைத்து, "குற்றம் பாதிக்குமேல் குறைந்துவிட்டது" என்று ஒருவர் மனப்பூர்வமாக எழுதிவிட முடியும். குறைந்தது குற்றமன்று, அந்தத் தலைப்பின்கீழ் எதையெல்லாம் எண்ணுகிறார்கள் என்பதுதான் மாறியிருக்கிறது. 2024இல் நேரடிக் குற்றங்கள் 19,969, ஏறக்குறைய அசையவே இல்லை. அதே ஆண்டில் மோசடிகள் 51,501.

சட்டம் மாறிய தேதியைக் கவனிக்காமல் ஆண்டுகளை ஒப்பிடுவதும் இதே வகைத் தவறுதான். தண்டனைச் சட்டத்தொகுப்பின் பெரிய திருத்தங்கள் 2020 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்தன. ஒருவரின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் அன்றுமுதல் தனிக் குற்றம். அதற்கு முன் இத்தகைய செயல்கள் பெரும்பாலும் பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் குற்றப் பிரிவின்கீழ் வந்தன. 2019இன் அட்டவணையில் அந்தத் தலைப்பே இல்லை என்பதற்காக, 2019இல் யாரும் கழிவறையில் கைப்பேசியை நீட்டவில்லை என்று சொல்ல முடியாது. பாலியல் வல்லுறவின் சட்ட வரையறையும் அதே நாளில் விரிந்தது. முன்பு வேறு பிரிவில் இருந்த சில தாக்குதல்கள் அதற்குள் வந்தன. கணவனுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பும் நீங்கியது. 2020க்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே கோட்டில் வரைந்து "கூடிவிட்டது" என்று சொல்பவர், சட்டம் கூடுதலான பெண்களைக் காக்கத் தொடங்கியதையே சமூகச் சீரழிவாகக் காட்டுகிறார்.

அடுத்து, போலிஸ் புகார் ஒவ்வொன்றும் குற்ற எண்ணிக்கையில் ஏறும் என்ற நம்பிக்கை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் நடைபாதையில் சத்தத்துக்காகச் சண்டை, ஒருவர் மற்றவரைக் கன்னத்தில் அறைந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போலிஸ் வந்து இரு தரப்பையும் கேட்டு எழுதிக்கொண்டு, "மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறது. அடிபட்டவருக்கு ஆத்திரம்: தமிழன் என்பதால் கண்டுகொள்ளவில்லையோ, பணக்காரப் பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் விட்டுவிட்டார்களோ என்று மனம் எங்கெங்கோ போகும். காரணம் சட்டத்தில் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தொகுப்பின் முதல் அட்டவணை, கைதாணை இல்லாமலே கைதுசெய்யக்கூடிய குற்றங்கள் எவை, கைதாணை வேண்டிய குற்றங்கள் எவை என்று பிரித்து வைத்திருக்கிறது. சாதாரணக் காயம் விளைவிப்பது இரண்டாவது வகை. அந்த வகையில் காவல்துறை புகார்தாரரை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பலாம். சமூக சமரச நிலையத்துக்கும் அனுப்பலாம். உங்கள் கன்னம் வீங்கியது உண்மை, புகாரும் பதிவாகியிருக்கும். ஆனால் ஆண்டறிக்கை பேசுவது கடைத்திருட்டு, மானபங்கம், அந்தரங்கத்தைப் படமெடுத்தல் போன்ற கவலைக்குரிய வகைகளைப் பற்றி. நடைபாதைச் சண்டையை அதில் தேடுவதில் பயனில்லை.

எதிர்ப்புறமும் இதே குழப்பம் உண்டு. ஒருவர்மீது நாற்பது குற்றச்சாட்டுகள் என்று செய்தி வந்தால் நாற்பது பேர் குற்றம் செய்ததுபோல் பேசுகிறோம். நீதிமன்றக் குற்றச்சாட்டுகளின் கணக்கு வேறு, காவல்துறை பதிவுசெய்யும் வழக்குகளின் கணக்கு வேறு. கைதானவர், விசாரணையில் இருப்பவர், குற்றவாளி எனத் தீர்ப்பானவர் மூவரும் ஒருவரல்லர். கடும் எச்சரிக்கையுடன் முடிந்துபோகும் வழக்குகளும் உண்டு.

இனி, என் மனத்துக்கு மிக நெருக்கமான விஷயம்: வட்டாரம். "தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமை போகாதே, பாதுகாப்பில்லை" என்று நம்மவர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். தேக்கா என்று நாம் அழைக்கும் லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பர் 8 அன்று நடந்த கலவரத்துக்குப் பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடியது. அதை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அதன்முன் சாட்சியம் அளித்த அப்போதைய காவல்துறை ஆணையர் இங் ஜூ ஹீ, லிட்டில் இந்தியாவைவிடக் கேலாங் வட்டாரம்தான் தமக்குக் கூடுதல் கவலை தருகிறது என்றார். 2013இல் கேலாங்கில் பொது ஒழுங்கைக் குலைக்கும் குற்றங்கள் 135, லிட்டில் இந்தியாவில் 25 என்று எண்களையும் வைத்தார். ஒரே இரவில் நடந்த ஒரு பெரும் சம்பவம், ஒரு வட்டாரத்தின் ஆண்டு முழுவதற்குமான முகமாகிவிட்டது. ஞாயிறுதோறும் ஊர்க்காரர்களைப் பார்க்கவும், வீட்டுக்குப் பணம் அனுப்பவும், வாழை இலையில் ஒரு வேளை சாப்பிடவும் அங்கே கூடும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அந்த முகத்தை இன்னமும் சுமக்கிறார்கள்.

இதைச் சொல்லிவிட்டுக் கேலாங்வாசிகள்மீது பழிபோட்டால் நானும் அதே தவற்றைத்தான் செய்கிறேன். ஒரு வட்டாரத்தில் பதிவாகும் எண், அங்கே நடப்பதை மட்டும் காட்டுவதில்லை. எத்தனை அதிகாரிகள் சுற்றுக்காவலில் இருக்கிறார்கள், எதைத் தேடுகிறார்கள் என்பதையும் காட்டுகிறது. 2015 ஏப்ரலில் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுபானக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. அங்கே சில குற்றங்களுக்குத் தண்டனையும் கூடுதல். கட்டுப்பாடு கூடிய இடத்தில் அதை மீறுவோர் பிடிபடுவதும் கூடும். அதை வைத்து அங்கே வருபவர்களின் குணத்தை அளக்க முடியாது.

அக்கம்பக்கக் காவல் நிலைய வாரியான எண்களைப் படிக்கும்போதும் இந்த எச்சரிக்கை தேவை. அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் கொள்ளை, வீடு புகுந்து திருடுதல், பறித்துச் செல்லுதல், வாகனத் திருட்டு, மானபங்கம் ஆகிய ஐந்து "தடுக்கக்கூடிய குற்றங்கள்" அப்படிப் பிரித்துத் தரப்பட்டிருக்கின்றன. வீடு வாங்கப் போகிறவர்கள் அதைத் தேடிப் பார்ப்பதுண்டு. ஒரு நிலையத்தின் எல்லைக்குள் பெரிய கடைத்தொகுதியும் எம்ஆர்டி மாற்று நிலையமும் இருந்தால், அங்கே நடந்த மானபங்கமும் அந்த எண்ணில் சேரக்கூடும். பாதிக்கப்பட்டவரும் செய்தவரும் தீவின் வேறு மூலையில் குடியிருக்கலாம். பேட்டையில் குடியிருப்போர் தொகையால் அந்த எண்ணை வகுத்து "இங்கே ஆபத்து" என்று முடிவுகட்டுவது பிழை.

விழுக்காடும் ஏமாற்றும். ஒரு வகைக் குற்றம் ஓராண்டில் நான்கு, மறு ஆண்டில் எட்டு என்றால் அது நூறு விழுக்காடு ஏற்றம். தலைப்பில் அது பயங்கரமாகத் தெரியும். மக்கள்தொகையையும் மறக்கக் கூடாது. 2010இல் ஏறக்குறைய 5.08 மில்லியன் பேர் இருந்த தீவில் 2024 நடுவில் 6.04 மில்லியன் பேர்.

போதைப்பொருள், சாலை மரணங்கள் ஆகியவற்றை இந்த அறிக்கைகளில் தேட வேண்டாம். முன்னதை மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவும், பின்னதைப் போக்குவரத்துக் காவல்துறையும் தனியே வெளியிடுகின்றன.

மோசடித் தொகையில் சராசரியை நம்ப வேண்டாம். 2024இல் குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி பறிபோனது. அதை 51,501ஆல் வகுத்தால் ஆளுக்கு 21,000 வெள்ளிக்குமேல் வரும். ஆனால் ஏறக்குறைய பத்தில் ஏழு சம்பவங்களில் இழப்பு 5,000 வெள்ளிக்கு உட்பட்டதே. ஒரே ஒரு மின்னிலக்க நாணயச் சம்பவத்தில் மட்டும் 125 மில்லியன் வெள்ளி போனது. இந்தச் சராசரியைக் கேட்டு, "நம்மிடம் அவ்வளவு பணம் ஏது, நம்மை யார் ஏமாற்றப் போகிறார்கள்" என்று ஒரு மூத்தவர் அசட்டையாக இருந்துவிட்டால், அவரிடமிருந்து 800 வெள்ளி போவதற்கு அதுவே வழியாகும்.

முதலில் வெளிவரும் எண் இறுதியானதும் அன்று. 2024 முதல் பாதியின் மோசடி இழப்பு "குறைந்தது 385.6 மில்லியன் வெள்ளி" என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே ஆறு மாதங்களை ஒப்பிட்டபோது எண் 522.4 மில்லியனாக இருந்தது. பழைய செய்தியின் எண்ணையும் புதிய செய்தியில் 2025 முதல் பாதிக்கு வந்த 456.4 மில்லியனையும் நேராக ஒப்பிட்டவர் இழப்பு கூடிவிட்டதாக எழுதியிருப்பார். காவல்துறையின் சொந்த ஒப்பீட்டில் அது 12.6 விழுக்காடு இறக்கம். எனவே இரண்டு எண்களையும் ஒரே அறிக்கையிலிருந்து எடுங்கள். அரையாண்டை அரையாண்டோடு மட்டும் வைத்துப் பாருங்கள்.

மோசடி தொடர்பாக இத்தனை பேர் விசாரணையில் என்று வரும் அறிவிப்புகளையும் கவனமாகப் படிக்க வேண்டும். அதில் திட்டம் தீட்டியவர்கள் மட்டும் இல்லை. தம் வங்கிக் கணக்கைச் சில நூறு வெள்ளிக்கு விற்றவர்களும், அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸின் விவரங்களைக் கொடுத்தவர்களும் இருப்பார்கள். 2024 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தங்கள் இவர்கள்மீது குற்றம் சுமத்துவதை எளிதாக்கின. வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும் ஒரு தம்பியிடம் "இனி உனக்கு இந்தக் கணக்கு எதற்கு, அட்டையையும் ரகசிய எண்ணையும் கொடு, 300 வெள்ளி தருகிறேன்" என்று யாராவது கேட்டால், அடுத்த அறிவிப்பின் எண்ணிக்கையில் அவரும் ஒருவராகலாம். கணக்கை வங்கியில் மூடிவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும் என்று அவரிடம் இப்போதே சொல்லுங்கள்.