ஐந்து கட்டங்களுக்குள் அடங்காத வரலாறு: சமூக வளர்ச்சியைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புராதனப் பொதுவுடைமை, அடிமைச் சமூகம், நிலப்பிரபுத்துவம், முதலாளித்துவம், சோசலிசம். சமூக வளர்ச்சி என்று பேச்செடுத்தாலே இந்த வாய்பாடு வந்து நின்றுவிடும். இதை அப்படியே மார்க்ஸின் தலையில் கட்டுவது முதல் தவறு. 1859இல் ‘அரசியல் பொருளாதார விமர்சனத்துக்கு ஒரு பங்களிப்பு’ நூலின் முன்னுரையில் அவர் குறிப்பிட்டவை ஆசிய, பண்டைய, நிலப்பிரபுத்துவ, நவீன முதலாளித்துவ உற்பத்தி முறைகள். ஐந்து கட்டங்களும் பாடப்புத்தக வடிவம் பெற்று உலகம் முழுக்கப் பரவியது சோவியத் கம்யூனிஸ்ட் கட்சி வரலாற்று நூலுக்கு 1938இல் ஸ்டாலின் எழுதிய அத்தியாயத்தின் வழியாக. அதில் ஆசிய உற்பத்தி முறை, அதாவது நிலம் தனியாரிடமின்றி அரசிடமும் ஊர்ச் சமூகத்திடமும் இருக்கும் முறை, இல்லை. 1931இல் சோவியத் அறிஞர்கள் நடத்திய லெனின்கிராட் விவாதத்திலேயே அதை ஓரங்கட்டிவிட்டார்கள்.

மார்க்ஸே இந்தப் போக்கை மறுத்திருக்கிறார். முதலாளித்துவம் மேற்கு ஐரோப்பாவில் பிறந்த விதத்தை எல்லா மக்களுக்கும் விதிக்கப்பட்ட பாதையாக்கக் கூடாது என்று 1877இல் ஒரு ரஷ்ய இதழுக்கான கடிதத்தில் எழுதினார். அதில் அவர் காட்டும் சான்று ரோம். அங்கேயும் உழவர்கள் நிலம் இழந்தார்கள், ஒரு பக்கம் பணமும் குவிந்தது. ஆனால் நிலம் இழந்தவர்கள் கூலித் தொழிலாளர்களாகவில்லை. வேலையற்ற நகரக் கும்பலானார்கள். 1881இல் ரஷ்யப் புரட்சியாளர் வேரா சசூலிச்சுக்கு எழுதிய கடிதத்திலும், அந்த ‘வரலாற்றுத் தவிர்க்கவியலாமை’ மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு மட்டுமே என்று வரம்பிட்டார்.

கட்டங்களை ஒன்று முடிந்து மற்றொன்று எனப் படிப்பது இன்னொரு சறுக்கல். குறிஞ்சி வேட்டைக் காலம், முல்லை மேய்ச்சல் காலம், மருதம் உழவுக் காலம் என்று திணைகளை வரிசைப்படுத்துவோர் உண்டு. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில் தேனும் கிழங்கும் கொண்டுவந்தவர்கள் மீன் நெய்யும் நறவும் பெற்றுப் போகிறார்கள். கரும்பும் அவலும் கொடுத்தவர்கள் மான் இறைச்சியும் கள்ளும் வாங்குகிறார்கள். மலையும் கடலும் வயலும் காடும் ஒரே காலத்தில் பண்டமாற்றுச் செய்கின்றன. 1974இல் திணைக் கோட்பாட்டை ஆராய்ந்த கா. சிவத்தம்பி இதைச் சமனற்ற வளர்ச்சியாக, அதாவது வெவ்வேறு நிலப்பகுதிகள் ஒரே காலத்தில் வெவ்வேறு வளர்ச்சி நிலைகளில் இருப்பதாக, பார்த்தார். இந்தப் பாடல்களைப் படிக்க அதுவே பொருத்தமான வழி.

அடிமைகள் இருந்தார்கள் என்பதற்காக அது அடிமைச் சமூகம் ஆகிவிடாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்குத் தம்மையே விற்றுக்கொண்டவர்களின் பதிவு உண்டு. தமிழ்நாட்டில் அடிமைமுறையே இல்லை என்பவர்களுக்கு அது போதுமான பதில். ஆனால் பார்க்க வேண்டியது உபரியின், அதாவது உழைப்பவர் பிழைப்புக்குப் போக மிஞ்சும் விளைச்சலின், பெரும்பகுதி யார் உழைப்பில் வந்தது என்பதை. காவிரிக் கரை நெல்லை விளைவித்ததில் அடிமை உழைப்பின் பங்கு எவ்வளவு என்று காட்டாமல் அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது.

மிக அதிகமாகக் கைதவறிப் போடப்படும் முத்திரை ‘நிலப்பிரபுத்துவம்’தான். பண்ணையார் இருந்தால் போதும், அப்படி எழுதிவிடுகிறோம். எழுதுமுன் மூன்றைச் சோதிக்க வேண்டும். உழுபவர் நிலத்தை விட்டுப் போக முடியாதபடி கட்டுண்டவரா? அவரிடமிருந்து எடுக்கப்பட்டது உழைப்பா, தானியமா, காசா? ஊரில் வழக்கைத் தீர்த்தது யார்? வரலாற்றாசிரியர் ஆர்.எஸ். சர்மா 1965இல் இந்திய நிலப்பிரபுத்துவம் பற்றி விரிவாக எழுதினார். ஐரோப்பாவில் பண்ணையடிமை பிரபுவின் நிலத்தில் கட்டாய உழைப்புச் செய்தார், இந்திய உழவரோ பெரும்பாலும் தம் உற்பத்தியைத் தாமே நடத்தினார் என்று இன்னொரு வரலாற்றாசிரியரான ஹர்பன்ஸ் முகியா மறுத்தார். அந்த விவாதம் இன்னும் அடங்கவில்லை.

இதில் அளவும் முக்கியம். ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா திருச்சி அருகே இரண்டு ஊர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளை ஒப்பிட்டார். பிரமதேயமான, அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட ஊரான, ஈசானமங்கலத்தில் தனிநபர் நில உடைமை தெரிந்தது. வேளாளர் ஊரான அல்லூரில் ஊரார் பொதுவில் நிலம் வைத்திருந்தார்கள். பின்னாளில் தனி உடைமை பரவியதையும் அவர் ஆய்வுகள் காட்டின. பக்கத்து ஊர்களே இப்படி வேறுபடும்போது, நானூறு ஆண்டுச் சோழ நாட்டுக்கு ஒரே சொல் எப்படிப் போதும்?

அடித்தளம் (பொருளாதாரம்), அதன்மேல் எழும் மேற்கட்டுமானம் (மதம், சட்டம், அரசு போன்றவை) பற்றி ஒரு வார்த்தை. மதம், சட்டம், அரசு எல்லாம் பொருளாதாரத்தின் வெறும் நிழல் என்பது மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் சொன்னதல்ல. 1890இல் யோசப் பிளாக்குக்கு எழுதுகையில், பொருளாதாரம் இறுதி நோக்கில் தீர்மானிப்பது, ஆனால் அது ஒன்றே தீர்மானிக்கிறது என்று திரித்தால் அர்த்தமற்ற வாக்கியமாகிவிடும் என்றார். இளைஞர்கள் பொருளாதாரத்துக்கு அளவுக்கு மீறி அழுத்தம் தர மார்க்ஸும் தானும் ஓரளவு காரணம் என்றும் அதே கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

‘முதலில் உழவு, பிறகு உபரி, அதன்பின் கோயில்’ என்ற வரிசையும் எல்லா இடத்திலும் பொருந்தாது. தென்கிழக்குத் துருக்கியின் கோபெக்லி தெபேயில் ஏறத்தாழ கி.மு. 9500 முதல் ஐந்து மீட்டருக்கும் உயரமான கல்தூண்களை நிறுத்தியவர்கள் வேட்டையாடியும் காட்டுத் தாவரங்களைச் சேகரித்தும் வாழ்ந்தவர்கள்.

கடைசியாக, சான்றின் இயல்பை மறப்பது. கோயில் சுவர்க் கல்வெட்டு கொடை, விற்பனை, வரிவிலக்கு ஆகியவற்றையே பெரும்பாலும் பதிகிறது. விற்க நிலமில்லாத உழவுக்கூலியின் பெயர் அங்கே அரிதாகத்தான் வரும். அவர் அதில் தென்படாததால் அப்படி ஒருவர் அந்த ஊரில் இல்லை என்று கணக்கு முடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.