சிவிலைசேஷன் 6: அணுகுண்டை எப்போது போடுவது?

சிவிலைசேஷன் 6 வீடியோ கேமில், அணுகுண்டு செய்ய வழி திறக்கும் மன்ஹாட்டன் புராஜெக்ட் முடிந்து முதல் குண்டு கைக்கு வந்ததும் எதிரி நகரத்தின் மேல் போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். குண்டு நகரத்தின் காவலைத்தான் உடைக்கும், நகரத்தைப் பிடித்துத் தராது. பிடிக்க டாங்கி மாதிரி நேரடியாக மோதும் படை உள்ளே நுழைந்தாக வேண்டும். பாம்பர் விமானம் எத்தனை இருந்தாலும் அந்த வேலைக்கு உதவாது.

அதனால் முதலில் டாங்கிகளைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். சாதாரண அணுகுண்டு, வரைபடத்தில் விழுந்த கட்டத்தோடு அதைச் சுற்றியுள்ள ஒரு வளையக் கட்டங்களையும் அழிக்கும். தெர்மோநியூக்ளியர் என்ற பெரிய குண்டு என்றால் இரண்டு வளையம். உங்கள் படை என்று அது பார்க்காது, உள்ளே நின்றால் போச்சு. ஆகவே முதலாவதற்கு இரண்டு கட்டம், அடுத்ததற்கு மூன்று கட்டம் தள்ளி நிற்கட்டும். வழியில் ஆறும் மலையும் இல்லாத பக்கமாகப் பார்த்து நிறுத்தினால் நல்லது. குண்டு விழுந்த அதே டர்னிலேயே, அதாவது உங்கள் ஆட்ட முறை முடிவதற்குள்ளேயே, டாங்கியை உள்ளே விடுங்கள். தள்ளிப்போட்டால் எதிரி புதுப்படை வாங்கி நிறுத்திவிடுவான்.

கதிர்வீச்சு படிந்த கட்டத்தில் டர்னை முடிக்கும் படைக்கு அடி விழும். சாதாரண குண்டின் கதிர்வீச்சு 10 டர்ன், பெரியது 20 டர்ன் தங்கும். பில்டர் என்ற வேலையாளை அனுப்பிச் சுத்தம் செய்யலாம். நகரத்தை நீங்களே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் சின்னக் குண்டே போதும் என்பது என் கட்சி.

குண்டைச் செய்து சும்மா வைத்திருந்தாலும் பராமரிப்புச் செலவாக டர்னுக்கு டர்ன் உங்கள் தங்கம் கரையும். படை தயாரான பிறகு செய்யுங்கள்.