சிங்கப்பூரில் வேலை செய்து வாழ அனுமதி பெறுவது எப்படி? முதன்முறை வருவோருக்கான செய்முறை விளக்கம்

ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட சிங்கப்பூரில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். அவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ இல்லாத வெளிநாட்டவர். இடம் சிறிது, வருவோர் பலர் என்பதால் யார் வரலாம், எந்த வேலை செய்யலாம், எங்கே தங்கலாம், யாரை உடன் அழைத்து வரலாம் என்பதையெல்லாம் விதிகள் நுணுக்கமாக வரையறுத்துள்ளன. தமிழ்நாட்டிலிருந்து வரும் தம்பி தங்கைகள் பலர், கடனை வாங்கி முகவரிடம் கொடுத்துவிட்டு, தம் கையில் எந்த அனுமதி இருக்கிறது என்பதைக்கூட அறியாமல் விமானம் ஏறுவதைக் காணும்போது மனம் வருந்துகிறது. அவர்களுக்காகவே விதிகளைப் படிப்படியாக விளக்கி இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்னர் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். இங்கே வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பவர் நீங்கள் அல்லர். உங்களை வேலைக்கு எடுக்கும் முதலாளியோ அவர் நியமித்த உரிமம் பெற்ற முகவையோதான் (ஏஜென்சி) மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்க முடியும். ஆகவே, "முதலில் பாஸ் எடுத்துத் தருகிறேன், வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எவரேனும் சொன்னால், அத்துடன் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 1: உங்களுக்கு உரிய அனுமதி எது?

பெரும்பாலோருக்குப் பொருந்துபவை மூன்று. நிபுணர், மேலாளர், நிர்வாகி ஆகியோருக்கானது எம்ப்ளாய்மெண்ட் பாஸ். பேச்சு வழக்கில் இதனை இ பாஸ் என்போம். 2025 ஜனவரி முதல் இதற்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நிதித்துறையில் 6,200 வெள்ளி. வயது ஏற ஏற இத்தொகையும் ஏறி, 45 வயதைத் தாண்டியவருக்கு 10,700 வெள்ளியாகிறது. நடுத்தரத் திறனாளருக்கானது எஸ் பாஸ். 2025 செப்டம்பர் முதல் அதற்குக் குறைந்தது 3,300 வெள்ளி சம்பளம் வேண்டும். நிறுவனத்தின் மொத்த ஊழியரில் எத்தனை விழுக்காட்டினர் எஸ் பாஸில் இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. சேவைத் துறையில் அது 10 விழுக்காடு. இந்தச் சம்பள அளவுகள் அவ்வப்போது உயர்த்தப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள தொகையையே கணக்கில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது வொர்க் பெர்மிட், அதாவது வேலை அனுமதிச் சீட்டு. நம் ஊர்க்காரர்களில் மிகப் பலர் வருவது இதில்தான். இந்தியர்களுக்கு இது முதன்மையாகக் கட்டுமானம், கப்பல் பட்டறை, செயல்முறைத் தொழில் (எண்ணெய், வேதிப்பொருள் ஆலைப் பணி) ஆகிய துறைகளில் வழங்கப்படுகிறது. கட்டுமானத்துக்கு வருவோர் கட்டட, கட்டுமான ஆணையம் ஏற்கும் திறன் தேர்வில் தேறியிருக்க வேண்டும். 2023 செப்டம்பர் முதல் இந்திய உணவகச் சமையல்காரர்களுக்கும், பற்றவைப்பாளர் போன்ற சில தொழிலாளருக்கும் தனிப் பட்டியல் ஒன்றின்கீழ் வழி திறக்கப்பட்டுள்ளது. அவர்களுக்கு மாதம் 2,000 வெள்ளியேனும் சம்பளம் தர வேண்டும். எனவே, இந்தியாவிலிருந்து ஒருவரைக் கடை விற்பனையாளராக வொர்க் பெர்மிட்டில் எடுக்கிறோம் என்று யாராவது சொன்னால், அந்த வேலை அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். முன்னர் இருந்த மொத்தப் பணிக்கால உச்சவரம்பு 2025 ஜூலை 1 முதல் நீக்கப்பட்டு, வேலை செய்யக்கூடிய வயதும் 63 வரை உயர்த்தப்பட்டுள்ளது. பல ஆண்டுகள் இங்கே உழைத்தவர்களுக்கு இது பெரும் ஆறுதல்.

படி 2: பணம் கொடுப்பதற்கு முன்

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற வேலை முகவை உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணம், ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம். எத்தனை ஆண்டு ஒப்பந்தமானாலும் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். 800 வெள்ளிச் சம்பளத்தில் இரண்டாண்டு ஒப்பந்தம் என்றால் 1,600 வெள்ளிக்கு மேல் கேட்க முடியாது. முதல் ஆறு மாதங்களுக்குள் முதலாளி உங்களை வேலையைவிட்டு நிறுத்தினால், அதில் பாதியை முகவை திருப்பித் தர வேண்டும். முதலாளியோ, வேலை தருவதற்காக உங்களிடம் ஒரு காசும் வாங்கக் கூடாது. வாங்கினால் அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

ஆனால், இந்த வரம்பு சிங்கப்பூர் முகவைக்கு மட்டுமே உரியது. ஊரில் உள்ள இடைத்தரகர் வாங்கும் பணத்தை இந்நாட்டுச் சட்டம் எட்டிப் பிடிக்காது. லட்சக்கணக்கில் பணம் போவது பெரும்பாலும் அங்கேதான். இந்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே பெறலாம் என்பது இந்தியாவின் விதி. அதற்கு மேல் கேட்பவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள்; தரமாட்டார். நிலத்தையும் நகையையும் அடகு வைத்துத் தொடங்கும் பயணத்தில், முதல் ஓராண்டுச் சம்பளம் வட்டிக்கே கரைந்துபோவதுண்டு. நிதானமாக ஒரு வாரம் விசாரித்த பிறகு பணம் கொடுப்பதால் எந்த நல்ல வேலையும் கைவிட்டுப் போகாது.

படி 3: விண்ணப்பமும் புள்ளிக் கணக்கும்

வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஆகியவற்றுக்கு முதலாளியின் ஒதுக்கீட்டில் இடம் இருக்க வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என மாதந்தோறும் அவர் அரசாங்கத்துக்குத் தீர்வையும் (லெவி) செலுத்துவார். அந்தத் தீர்வையை உங்கள் சம்பளத்தில் பிடிக்க அவருக்கு உரிமையில்லை.

இ பாஸுக்கு ஒதுக்கீடும் தீர்வையும் இல்லை. ஆனால், பொதுவாக நிறுவனம் அந்த வேலையை அரசாங்க வேலைத்தளத்தில் 14 நாளாவது விளம்பரப்படுத்தியிருக்க வேண்டும். பிறகு காம்பஸ் எனப்படும் புள்ளி முறையில் 40 புள்ளிகள் பெற வேண்டும். 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இம்முறையில் சம்பளம், கல்வித்தகுதி, நிறுவனத்தில் உங்கள் நாட்டவரின் விகிதம், உள்ளூர்வாசிகளுக்கு நிறுவனம் அளிக்கும் வேலைவாய்ப்பு ஆகிய நான்குக்கும் தலா 0, 10 அல்லது 20 புள்ளிகள் கிடைக்கும். ஆள் பற்றாக்குறை நிலவும் தொழில்களுக்குக் கூடுதல் புள்ளிகளும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்குகிறேன். சென்னையிலிருந்து வரும் ஒரு மென்பொருள் பொறியாளருக்குச் சம்பளத்தில் 10, பட்டத்துக்கு 10 கிடைக்கின்றன என்று கொள்வோம். அவரை எடுக்கும் நிறுவனத்தில் நிபுணர், மேலாளர், நிர்வாகிகள் 25 பேருக்கும் குறைவு என்றால், மற்ற இரண்டுக்கும் தலா 10 இயல்பாகவே கிடைத்து 40 நிறைவாகிவிடும். அவரே, அத்தகைய ஊழியர்களில் நான்கில் ஒரு பங்கினர் ஏற்கெனவே இந்தியராக உள்ள பெரிய நிறுவனத்துக்குப் போனால், மூன்றாவது அளவுகோலில் 0 விழும். அந்தப் பத்தை வேறு எங்கேயாவது ஈட்டியாக வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட இளைஞர்கள் தம் திறமையை ஐயுறுவதைப் பார்க்கிறேன். பல வேளைகளில் காரணம் நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது. பட்டத்துக்குப் புள்ளி கோரினால் அதன் உண்மைத்தன்மைக்குச் சான்று தேவைப்படும் என்பதால், பல்கலைக்கழக ஆவணங்களை முன்கூட்டியே ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். போலிச் சான்றிதழ் காட்டினால் 20,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

படி 4: ஐபிஏ கடிதத்தை நீங்களே படியுங்கள்

இந்த விளக்கத்தில் ஒன்றை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் வரும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதத்தையே ஐபிஏ என்கிறோம். சிங்கப்பூருக்குள் ஒருமுறை நுழைவதற்கான விசாவாகவும் அது பயன்படும். வொர்க் பெர்மிட்டில் வருவோருக்கு, ஊரைவிட்டுக் கிளம்பும் முன்னரே அக்கடிதத்தை அவரவர் தாய்மொழியில் முதலாளி அனுப்பியாக வேண்டும் என்பது விதி. ஆகவே தமிழில் அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

அதில் முதலாளியின் பெயர், உங்கள் வேலை, அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் ஆகியவை இருக்கும். முகவர் வாயால் சொன்ன தொகையுடன் ஒவ்வொன்றையும் ஒப்பிடுங்கள். "கடிதத்தில் அப்படித்தான் போடுவார்கள், கையில் வேறு தருவார்கள்" என்னும் விளக்கத்தை ஏற்க வேண்டாம். அதில் எழுதியுள்ள சம்பளமே அமைச்சிடம் முதலாளி அறிவித்த சம்பளம். உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் பெறாமலும் அமைச்சுக்குத் தெரிவிக்காமலும் அவர் அதைக் குறைக்க முடியாது. நாளை சம்பளத் தகராறு எழுந்தால் உங்களுக்குக் கைகொடுக்கும் ஆவணமும் அதுவே. எனவே ஒரு படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, இன்னொரு பிரதியை வீட்டாரிடம் கொடுங்கள். கடிதம் உண்மையானதா என்பதை அமைச்சின் இணையத்தளத்தில் நீங்களே கட்டணமின்றிச் சரிபார்க்கலாம்.

கடிதம் வருவதற்கு முன்பாகச் சுற்றுலா அனுமதியில் வந்து வேலை தொடங்குவது கடுங்குற்றம். உரிய அனுமதியின்றி வேலை செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதமோ, ஈராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அனுமதிக்காலம் முடிந்து 90 நாள்களுக்கு மேல் தங்கியிருந்த ஆடவருக்குப் பிரம்படியும் உண்டு.

படி 5: வந்து இறங்கியதும்

பயணத்துக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் எஸ்ஜி வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் இது இலவசம். கட்டணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். வொர்க் பெர்மிட் பெற்றோர் வந்த இரு வாரங்களுக்குள் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கான மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். மலேசியர் அல்லாத ஊழியருக்கு 5,000 வெள்ளி பிணைப்பத்திரமும் அவர் பொறுப்பே. பென்டமியர் சாலையில் உள்ள அமைச்சின் சேவை நிலையத்தில், தேவைப்படுவோர் கைரேகை பதிந்ததும் அட்டை அனுப்பப்படும்.

கடவுச்சீட்டு உங்களுடையது. உங்கள் விருப்பமின்றி அதை முதலாளி வைத்திருக்கக் கூடாது. அட்டையில் குறிப்பிட்ட முதலாளிக்கு, குறிப்பிட்ட வேலையை மட்டுமே செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தெரிந்தவர் கடையில் கூலிக்கு நிற்பதும், நண்பரின் கணக்கில் உணவு விநியோகிப்பதும் சட்டவிரோதம்.

படி 6: தங்குமிடமும் குடும்பமும்

வொர்க் பெர்மிட்காரருக்குத் தகுந்த தங்குமிடத்துக்கு முதலாளியே பொறுப்பு. இந்தியாவிலிருந்து கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளுக்கு வந்தோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் வாடகைக்குக் குடியிருக்க முடியாது. இ பாஸ், எஸ் பாஸ் உடையோர் குடியிருக்கலாம்; ஆனால் குறைந்தபட்ச வாடகைக்காலம் ஆறு மாதம். உரிமையாளர் கழகத்தில் உங்கள் பெயரைப் பதிவு செய்துள்ளாரா என்று கேட்டு உறுதிப்படுத்திய பின்னரே முன்பணம் கொடுங்கள்.

மனைவி அல்லது கணவரையும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் சார்ந்திருப்போர் அட்டையில் அழைத்துவர, இ பாஸ் அல்லது எஸ் பாஸில் மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வேண்டும். பெற்றோரை அழைக்க 12,000 வெள்ளி. வொர்க் பெர்மிட்டில் இவ்வழி இல்லை என்பதை மணமான இளைஞர்கள் கிளம்பும் முன்பே வீட்டில் மனம்விட்டுப் பேசிவிட வேண்டும். 2021 மே முதல், சார்ந்து வருபவர் வேலை செய்ய விரும்பினால் பெரும்பாலும் அவருக்கெனத் தனி வேலை அனுமதி வேண்டும்.

இ பாஸ், எஸ் பாஸ் உடையோர் நிரந்தரவாசத்துக்குக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். பெற்றோரின் விண்ணப்பத்தின்கீழ் நிரந்தரவாசியாகும் மகனுக்குத் தேசிய சேவை என்னும் கட்டாயப் படைப்பணிக் கடமை உண்டு.

படி 7: வேலை மாறும்போதும் முடியும்போதும்

இ பாஸ், எஸ் பாஸ் ஆகியவற்றில் புதிய முதலாளி புதிதாக விண்ணப்பிப்பார். வொர்க் பெர்மிட்டில் பழைய முதலாளியின் சம்மதம் வேண்டும். ஆனால் அனுமதி முடிய 40 முதல் 21 நாள்கள் இருக்கும் இடைவெளியில் புதிய முதலாளி அச்சம்மதமின்றியும் விண்ணப்பிக்கலாம். அட்டையில் உள்ள கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, அந்த இடைவெளி வருமுன்னரே வேலை தேடத் தொடங்குங்கள்.

இ பாஸோ எஸ் பாஸோ ரத்தானால் பொதுவாக 30 நாள்கள் தங்க அனுமதி கிடைக்கும். வருமான வரிக் கணக்கு முடியும் வரை முதலாளி கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைப்பது சட்டப்படியே என்பதால் அதைக் கண்டு பதற வேண்டாம். சம்பளமே தராமல் இழுத்தடித்தால், வேலையைவிட்ட ஆறு மாதங்களுக்குள், வேலைத் தகராறுகளைத் தீர்க்க உதவும் சர்ச்சை நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியில் (TADM) புகார் அளிக்க வேண்டும். ஐபிஏ கடிதம், சம்பளச் சீட்டுகள், வேலை நேரக் குறிப்பு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சிரமப்படுவோருக்கு வெளிநாட்டு ஊழியர் நிலையம் துணைநிற்கும். ஊர் திரும்ப விமானச்சீட்டு கையில் வருவதற்குள் அங்கே சென்றுவிடுங்கள்.