அர்பானாவில் குடியேறுதல்: புதிதாக வரும் முதுநிலை மாணவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்துக்கு முதுநிலைப் படிப்புக்கோ முனைவர் பட்டத்துக்கோ வரும் மாணவர்கள், ஆகஸ்ட் மாதத்தில் பத்து வேலைகளை ஒரே நாளில் தொடங்கி எதையும் முடிக்க முடியாமல் திணறுவதை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே எளிய வேலைகள்தான். ஆனால் ஒன்றை முடித்தால்தான் அடுத்தது நகரும். வங்கிக் கணக்குக்கும், வேலை செய்வோருக்கு அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கும், சம்பளத்துக்கும் விசாப் பதிவுக்கும் முதலில் கேட்கப்படுவது முகவரி. அதனால் வீட்டிலிருந்து தொடங்கி, நான் பின்பற்றிய வரிசையையே இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: ஊரிலிருந்தே வீட்டை முடிவு செய்தல்

பல்கலைக்கழகமே நடத்தும் வீடுகள் ஒரு வகை, தனியார் வீடுகள் இன்னொரு வகை. பல்கலைக்கழக வீடுகளில் முதுநிலை மாணவர்களுக்கும் குடும்பத்துடன் வருபவர்களுக்கும் நெடுங்காலமாக இருந்துவருவது, அர்பானாவில் ரேஸ் தெருவை ஒட்டிய ஆர்ச்சர்ட் டவுன்ஸ் குடியிருப்பு. நான் அங்கேதான் வாழ்ந்தேன். தாழ்வான வீட்டு வரிசைகள், இடையே அகன்ற புல்வெளி, மாலையில் பல நாட்டுக் குழந்தைகள் ஒன்றாக ஓடியாடும் சத்தம், கோடையில் காய்கறி பயிரிட்டுக்கொள்ளச் சிறு தோட்டப் பாத்திகள் என்று, துணைவரோடும் குழந்தையோடும் வருபவர்களுக்கு அதைவிட ஆறுதலான இடத்தை இந்த ஊரில் நான் காணவில்லை. வகுப்புக் கட்டடங்களுக்குச் சற்றுத் தொலைவு என்பது மட்டுமே குறை. அதைப் பேருந்து தீர்த்துவிடும். தனியாக வருபவர்கள், ஓர் அறை போதும் என்றால், ஷெர்மன் ஹால் போன்ற முதுநிலை விடுதிகளையும் பார்க்கலாம்.

தனியார் வீடு எடுப்பவர்கள் "லீஸ்" என்ற சொல்லிலேயே கவனமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் லீஸ் என்றால் பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகையின்றிக் குடியிருந்து, வெளியேறும்போது அந்தத் தொகையைத் திரும்பப் பெறுவது என்று பொருள்படும். இங்கே அது மாதாமாதம் வாடகை செலுத்தும், காலக்கெடு கொண்ட ஒப்பந்தம். பெரும்பாலும் ஓராண்டுக்கானது, நடுவில் விட்டுவிட்டுப் போனாலும் மீதி மாதங்களுக்கான பொறுப்பு உங்களுடையது. நண்பர்களோடு சேர்ந்து எடுப்பதானால், அது ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒப்பந்தமா, எல்லோருக்கும் சேர்த்து ஒரே கூட்டு ஒப்பந்தமா என்று கேளுங்கள். கூட்டு ஒப்பந்தத்தில் அறைத்தோழர் ஒருவர் படிப்பை நிறுத்திவிட்டு ஊர் திரும்பினால், அவருடைய பங்கையும் மற்றவர்களிடம் கேட்க உரிமையாளருக்கு உரிமை உண்டு.

பல தனியார் ஒப்பந்தங்கள் ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகின்றன. இடைப்பட்ட நாள்களில் பழைய வீடும் இல்லை, புதிய வீடும் இல்லை. எனவே விமானச் சீட்டு வாங்கும் முன்பே ஒப்பந்தத்தில் உள்ள தொடக்க நாளைப் பாருங்கள். மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் படிப்புத் தொடங்கும் நாளுக்கு 30 நாள்கள் முன்பிருந்தே நாட்டுக்குள் வரலாம் என்றாலும், சாவி கிடைக்கும் நாளுக்கு முன்னால் வந்து ஓட்டல் அறைக்குப் பணம் கொடுப்பதில் பயனில்லை. கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை வளாகத்துக்கு வெளியே வாழும் மாணவர்களுக்கு உதவும் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு அனுப்பினால், கட்டணமின்றிப் படித்துப் பார்த்து விளக்கம் சொல்வார்கள். வீட்டை யாரும் நேரில் பார்க்காத நிலையில், முன்பின் தெரியாதவர் கேட்கும் முன்பணத்தை ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

இரண்டாம் படி: பெட்டி கட்டுதல்

இங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஊரில் வாங்கிய மிக்சி இங்கே சரியாகச் சுழலாது. 110 அல்லது 120 வோல்ட் என்று குறிக்கப்பட்ட மிக்சியைக் கேட்டு வாங்குங்கள். குக்கர் கொண்டுவரலாம், கூடுதலாக இரண்டு கேஸ்கட்டும் ஒரு வெயிட் வால்வும் எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி மூட்டை வேண்டாம்: தானியங்களை அழிக்கும் காப்ரா வண்டு பரவிய, இந்தியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து பயணப் பெட்டியில் அரிசி கொண்டுவர அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தடை உண்டு, எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டிவரக்கூடும் என்பதால். மற்ற உணவுப் பொருள்கள் எவையானாலும் சுங்க அதிகாரிகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தடுப்பூசிச் சான்றுகளைக் கைப்பையில் வையுங்கள்; அவற்றைப் பல்கலைக்கழகத்தின் மெக்கின்லி மருத்துவ மையத்தில் சேர்க்காதவர்களுக்கு அடுத்த பருவத்துக்கான பாடப் பதிவு தடைபடும்.

மூன்றாம் படி: சாவி வாங்கிய முதல் ஒரு மணி நேரம்

சிகாகோவிலிருந்து அர்பானா ஏறத்தாழ 220 கிலோமீட்டர். ஓஹேர் விமான நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்தும், சிகாகோ யூனியன் நிலையத்திலிருந்து ஆம்ட்ராக் ரயிலும் உண்டு. இரண்டு பெரிய பெட்டிகளோடு வருபவர்களுக்குப் பேருந்துதான் வசதி. எவ்வளவு களைப்பாக இருந்தாலும், வீட்டுக்குள் பெட்டியைத் திறக்கும் முன் ஒரு மணி நேரத்தை வீட்டைச் சோதிப்பதற்கு ஒதுக்குங்கள். இந்த விளக்கத்தில் ஒன்றை மட்டுமே நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

கைபேசியில் வாசலிலிருந்து தொடங்கி ஒவ்வோர் அறையையும் நிறுத்தாமல் ஒரு காணொளியாக எடுங்கள். பிறகு சுவர்க் கறை, தரைவிரிப்பின் கிழிசல், குளிர்பதனப் பெட்டியின் உட்பக்கம், அடுப்பின் நான்கு சுருள்கள், ஜன்னல் தாழ்ப்பாள், குளியலறைக் குழாய் ஆகியவற்றைத் தனித்தனிப் படங்களாக எடுத்து, அன்றே உங்கள் மின்னஞ்சலுக்கும் உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள். தேதி அதிலேயே பதிந்துவிடும். வீட்டின் நிலையைக் குறிக்க ஒரு படிவம் கொடுப்பார்கள். அதில் "எல்லாம் நன்று" என்று எழுதிவிடாமல், சிறு கீறலையும் எழுதிக் கையெழுத்திட்டு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ச்சர்ட் டவுன்ஸுக்கு வருவதற்கு முன்னர் நான் குடியிருந்த ஒரு தனியார் வீட்டை விட்டபோது, நான் வரும் முன்பே இருந்த தரைவிரிப்புக் கறைக்காக என் முன்வைப்புத் தொகையில் (செக்யூரிட்டி டெபாசிட்) பெரும்பங்கைப் பிடித்துக்கொள்ள உரிமையாளர் முயன்றார். முதல் நாள் எடுத்த ஒரே ஒரு படம்தான் அதை மீட்டுத் தந்தது. இல்லினாய் மாநிலச் சட்டப்படி, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட கட்டடத்தின் உரிமையாளர் சேதத்துக்காகப் பணம் பிடிக்க வேண்டுமானால், நீங்கள் வெளியேறிய 30 நாள்களுக்குள் செலவு விவரத்தை எழுத்தில் தர வேண்டும். அப்படித் தராவிட்டால் 45 நாள்களுக்குள் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும்.

நான்காம் படி: முகவரியை வைத்துச் செய்ய வேண்டியவை

வீட்டு எண்ணோடு முழு முகவரியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, எல்லா இடத்திலும் அதே வடிவத்தில் கொடுங்கள். வீட்டு எண் விடுபட்டால் அஞ்சல் திரும்பிப் போய்விடும். முதலில் பல்கலைக்கழகப் பதிவில் உள்ளூர் முகவரியை ஏற்றி, பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் வருகையைப் பதிவு செய்யுங்கள். அடுத்து ஐ-கார்டு எனப்படும் அடையாள அட்டை. பிறகு கடவுச்சீட்டு, ஐ-20 (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த சேர்க்கைப் படிவம்), வீட்டு ஒப்பந்தம் ஆகியவற்றோடு வங்கிக்குச் செல்லுங்கள். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமலேயே கணக்குத் தொடங்க அனுமதிக்கும் வங்கிகள் வளாகத்தைச் சுற்றி உள்ளன.

ஆசிரிய உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ நியமிக்கப்பட்டவர்கள், நாட்டுக்குள் வந்து பத்து நாள்கள் கழிந்தபின் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பிப்பது நல்லது. அதற்குள் உங்கள் வருகைப் பதிவு அரசின் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கடவுச்சீட்டு, ஐ-20, ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான அரசுப் பதிவு), துறை தரும் வேலைக் கடிதம், பன்னாட்டு மாணவர் அலுவலகத்தின் கடிதம் ஆகியவை தேவை. எண் அஞ்சலில் வரும்வரை வேலையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இலையுதிர்காலப் பருவத்தின் நியமனம் ஆகஸ்ட் 16 அன்று தொடங்கினாலும் முதல் சம்பளம் செப்டம்பர் 16 அன்றுதான் கைக்கு வரும். ஆகவே முன்வைப்புத் தொகை, முதல் வாடகை, ஒன்றரை மாத உணவு ஆகியவற்றுக்கான பணத்தை ஊரிலிருந்தே ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள்.

ஐந்தாம் படி: சாமான்களும் சமையலும்

மெத்தையைத் தவிர எதையும் புதிதாக வாங்க அவசரப்படாதீர்கள். மே மாதத்தில் ஊர் திரும்பும் மாணவர்கள் விட்டுச்செல்லும் பொருள்களைச் சேகரித்து, பல்கலைக்கழக ஒய்எம்சிஏ ஆகஸ்டில் மிகக் குறைந்த விலைக்கு விற்கிறது. என் மேசையும் விளக்கும் அங்கே வாங்கியவை. தெருவோரம் கிடக்கும் மெத்தை, சோபா ஆகியவற்றை மட்டும் தொடாதீர்கள். மூட்டைப்பூச்சி ஒருமுறை நுழைந்தால் வீடு முழுவதும் மருந்தடிக்க வேண்டிவரும்.

இங்குள்ள வீடுகளில் புகை உணரும் கருவி கட்டாயம் இருக்கும். கடுகு வெடித்து மிளகாய் கருகத் தொடங்கிய நொடியில் அது அலறும். கருவியைக் கழற்றுவதோ துணியால் மூடுவதோ ஒப்பந்த மீறல், உயிருக்கும் ஆபத்து. ஜன்னலைத் திறந்து, அடுப்பின் மேலுள்ள காற்றாடியை ஓடவிட்டு, எண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் தாளியுங்கள். மின்சுருள் அடுப்பு அணைத்த பின்னும் வெகுநேரம் சூடாகவே இருக்கும். குக்கர் விசில் வந்ததும் அடுப்பை அணைத்தால் போதாது, குக்கரையே பக்கத்துச் சுருளுக்கு நகர்த்த வேண்டும். பல்கலைக்கழக வீடாக இருந்தால், எந்தச் சமையல் சாதனங்களுக்கு அனுமதி என்பதையும் முன்னதாகப் படித்துவிடுங்கள்.

ஆறாம் படி: வளாகத்தைப் பழகுதல்

ஐ-கார்டைக் காட்டினால் நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. நிலம் முழுவதும் சமதரை என்பதால் மிதிவண்டியும் மிக உதவும். அர்பானாவின் பழைய அஞ்சலகக் கட்டடத்தில் இயங்கும் பைக் ப்ராஜெக்ட் என்ற மிதிவண்டிப் பட்டறையில் பழைய வண்டியைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டு வாங்கலாம். மே முதல் அக்டோபர் வரை சனிக்கிழமைக் காலைகளில் லிங்கன் ஸ்கொயரில் உழவர் சந்தை கூடும். முதல் வாரத்தில் ஒரு மாலை, 1876-இல் தொடங்கி இன்றுவரை பயிரிடப்பட்டுவரும் மோரோ ஆய்வு வயலைப் போய்ப் பாருங்கள். அந்த வயலின் மேல் நிழல் விழக்கூடாது என்பதற்காக, பக்கத்தில் கட்டிய நூலகத்தையே நிலத்துக்கு அடியில் அமைத்தார்கள்.

ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு ஊர் முழுதும் சங்கு ஒலிக்கும். அது சூறாவளி எச்சரிக்கையின் சோதனை; பயப்பட வேண்டாம். வேறு நேரத்தில் ஒலித்தால், கட்டடத்தின் மிகத் தாழ்ந்த தளத்தில், ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் போய்விடுங்கள்.

ஏழாம் படி: அக்டோபர் முதல் டிசம்பர் வரை

கனமான குளிர்மேலங்கியையும் நீர் புகாத காலணியையும் இங்கு வந்தபின், அக்டோபரில் வாங்குங்கள்; ஊரில் வாங்கும் கம்பளிச் சட்டை சனவரிக் காற்றுக்குத் தாங்காது. டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, மின்செலவை மிச்சப்படுத்த எண்ணி வெப்பமூட்டியை அணைத்துவிடாதீர்கள். குழாயில் நீர் உறைந்து வெடித்தால் அந்தச் சேதம் உங்கள் தலையில் விழும். 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகாதபடி வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், அடுத்த ஆண்டுக்கான வீட்டை முடிவு செய்யச் சொல்லி விளம்பரங்களும் உரிமையாளர்களும் நெருக்கத் தொடங்குவார்கள். வளாகத்தை ஒட்டிய வீடுகள் உண்மையிலேயே இலையுதிர்காலத்தில் வேகமாகப் போய்விடும். சற்றுத் தள்ளி இருக்கத் தயாராக உள்ளவர்கள் வசந்தகாலம் வரை நிதானமாகத் தேடலாம். அறைத்தோழரோடு ஒரு பருவமாவது ஒத்துவாழ்ந்து பார்த்தபின் கையெழுத்திடுவதே என் பரிந்துரை. எப்போது வீடு மாறினாலும், புதிய சாவியை வாங்கிய அன்றே பல்கலைக்கழகப் பதிவில் முகவரியை மாற்றிவிடுங்கள். எஃப்-1 மாணவர்கள் முகவரி மாற்றத்தை 10 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விசா விதி.