எஸ்எம்எஃப் ரெகார்டுகளைத் தொலைக்காமல் காப்பது எப்படி

மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினியில் யார் எந்த ஜாபை (வேலையை) ஓட்டினார்கள், எவ்வளவு சிபியு செலவானது, யாருக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்பதையெல்லாம் அதன் இயங்குதளமான இசட்/ஓஎஸ் தானே ரெகார்டுகளாக எழுதி வைக்கிறது. அந்த ஏற்பாடுதான் எஸ்எம்எஃப் (சிஸ்டம் மேனேஜ்மென்ட் ஃபெசிலிட்டீஸ்). தங்கச்சிமடத்தில் வீட்டிலிருந்தபடியே அமெரிக்க வங்கி ஒன்றின் சிஸ்டத்தை இரவு ஷிஃப்டில் கவனித்துக்கொள்கிறேன். நம் மாவட்டத்திலிருந்து இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு, ஜாபை எழுதும் மொழியான ஜேசிஎல் நன்றாகவே தெரிகிறது. எஸ்எம்எஃப்பைத்தான் யாரும் உட்கார்த்திச் சொல்லித் தருவதில்லை. எழுதாமல் விட்டுப்போன ரெகார்டைப் பிறகு எந்த வழியிலும் வரவழைக்க முடியாது. கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

ஷிஃப்டுக்கு வந்ததும் கன்சோலில் ‘டி எஸ்எம்எஃப்’ கொடுங்கள். சிஸ்1.மேன்1, மேன்2 என்று, ரெகார்டுகள் எழுதப்படும் டேட்டாசெட்டுகள் (ஃபைல்கள்) வரிசையாக வரும். எது ஆக்டிவ், எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது, எது டம்ப் ஆகாமல் (வேறிடத்துக்கு நகலெடுக்கப்படாமல்) கிடக்கிறது எல்லாம் அதிலேயே இருக்கும். இரண்டு டேட்டாசெட் இருந்தால் ஓடும்தான். ஆனால் மூன்றுக்குக் குறைவாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. அப்புறம் ‘டி எஸ்எம்எஃப்,ஓ’. ரெகார்டு வகைகளுக்கு டைப் எண் உண்டு; எந்தெந்த டைப் பதிவாகிறது என்று அது காட்டும். அந்த அமைப்பு, சிஸ்டத்தின் அமைப்புகள் இருக்கும் பார்ம்லிப் லைப்ரரியில் எஸ்எம்எஃப்பிஆர்எம் என்று தொடங்கும் மெம்பரில் இருக்கிறது.

எல்லா டைப்பும் ஒன்றல்ல. 30-ஐ எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். ராமேசுவரத்தில் விசைப்படகுகள் டோக்கன் வாங்கிக்கொண்டுதான் கடலுக்குப் போகின்றன. எந்தப் படகு போயிருக்கிறது என்ற கேள்விக்கு அந்தக் கணக்குதான் பதில். 30 அப்படிப்பட்டது. அதன் உள்வகைகளில், சப்டைப் 1 ஜாப் தொடங்கியதையும், 4 ஜாபின் ஒரு படியான ஸ்டெப் முடிந்ததையும், 5 ஜாப் முடிந்ததையும் சொல்லும். 80 பாதுகாப்பு மென்பொருளான ராக்ஃபின் ரெகார்டு, ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான். 70 முதல் 79 வரை, சிஸ்டத்தின் செயல்திறனை அளக்கும் ஆர்எம்எஃப். இடத்தைத் தின்பது பெரும்பாலும் வேலைப்பளு நிர்வாகத்தின் (டபிள்யூஎல்எம்) முடிவுகளை எழுதும் 99-ம், யூனிக்ஸ் ஃபைல் திறந்து மூடுவதை எழுதும் 92-ன் 10, 11 சப்டைப்புகளும். ஊகித்து எதையும் நிறுத்த வேண்டாம். டம்ப் ஜாபின் முடிவில் வரும் சம்மரி ரிப்போர்ட்டில் டைப் வாரியாக எண்ணிக்கையும் சதவீதமும் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு செக்யூரிட்டி, பில்லிங் ஆட்களிடம் கேட்டுவிட்டு, மெம்பரை மாற்றி ‘செட் எஸ்எம்எஃப்’ கொடுங்கள்.

அடுத்தது டம்ப். ‘ஐ எஸ்எம்எஃப்’ கொடுத்தால் ரெகார்டிங் அடுத்த டேட்டாசெட்டுக்கு மாறும். நிரம்பியதை ஐஎஃப்ஏஎஸ்எம்எஃப்டிபி புரோகிராமால் ஜிடிஜி (ஒவ்வொரு முறையும் புதிய பதிப்பு சேரும் டேட்டாசெட் தொகுதி) ஒன்றுக்கு நகலெடுக்க வேண்டும். ஆப்ஷனில் ‘ஆல்’ என்று போட்டால் நகலெடுப்பதையும் காலி செய்வதையும் ஒரே ஸ்டெப்பில் முடித்துவிடும். எனக்கு அதில் மனம் ஒப்பாது. முதல் ஸ்டெப்பில் ‘டம்ப்’ மட்டும். அதன் ரிட்டர்ன் கோட் பூஜ்யமாக, அதாவது பிழையில்லாமல், இருந்தால்தான் இரண்டாவது ஸ்டெப்பில் ‘கிளியர்’. இந்த ஜாபை மனிதர் கையில் விடவும் கூடாது. டேட்டாசெட் மாறும்போது சிஸ்டம் கூப்பிடும் ஐஇஎஃப்யூ29 எக்ஸிட் வழியாக, ஸ்விட்ச் ஆனதும் தானாகக் கிளம்பும்படி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை பிடித்தால் இங்கே கரண்டும் போகும், நெட்டும் போகும். அங்கே மெஷின் நமக்காகக் காத்திருக்காது.

எல்லா டேட்டாசெட்டும் நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? அதை லாஸ்ட்டிஎஸ் பாராமீட்டர் முடிவு செய்கிறது. ‘எம்எஸ்ஜி’ என்றால் எச்சரித்துவிட்டு வேலை தொடரும், பஃபரும் (நினைவகத்தில் உள்ள தற்காலிக இடமும்) நிரம்பிய பிறகு வரும் ரெகார்டுகள் தொலையும். ‘ஹால்ட்’ என்றால் சிஸ்டமே நின்றுவிடும். எது வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்தது எவ்வளவு, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்பதை டைப் 7 சொல்லும். தினமும் டம்பில் 7 இருக்கிறதா என்று தேடுங்கள்.

தேதியிலும் கவனம் வேண்டும். ரெகார்டில் இருப்பது அந்த சிஸ்டத்தின் உள்ளூர் நேரம். ஜூலையில் நமக்கு விடியற்காலை 3 மணி என்றால் நியூயார்க்கில் முந்தின நாள் மாலை 5:30. டேட் பாராமீட்டரில் வருடமும் நாள் எண்ணும் சேர்த்து, 2025 பிப்ரவரி 14 என்றால் 2025045 என்று, அங்கத்திய தேதியைக் கொடுங்கள்.

டேட்டாசெட்டுக்குப் பதில் சிஸ்டம் லாகர் நிர்வகிக்கும் லாக்ஸ்ட்ரீமுக்கு மாறிய இடங்களில் ஸ்விட்ச், கிளியர் தொல்லை இல்லை. டைப் வாரியாகப் பிரித்தும் எழுதலாம். வசதியானதுதான், மாற முடிந்தால் மாறுங்கள். அங்கே டம்ப் எடுப்பது ஐஎஃப்ஏஎஸ்எம்எஃப்டிஎல். ஆனால் ஆட்டோடெலிட் ‘யெஸ்’ என்று இருந்தால், ரெட்பிடி (வைத்திருக்க வேண்டிய நாட்கள்) கணக்கு முடிந்ததும் நீங்கள் நகலெடுத்தீர்களா என்று பார்க்காமலேயே அழித்துவிடும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை டம்ப் ஜாப் விழுந்து கிடந்து யாரும் பார்க்காவிட்டாலும் ரெகார்டு பிழைத்திருக்கும் அளவுக்கு அந்த நாளைக் கூட்டி வையுங்கள்.